கோள்களின் தரை எந்தக் கல்லால் ஆனது: பாறைக் கோள்களின் மேற்பரப்பை அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையின் மீது இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று பல்லாவரம் குன்றுப் பக்கத்தில் உடைபட்டது. மற்றொன்று லோனாவாலா மலைச்சாலையின் ஓரத்தில் பொறுக்கியது. இரண்டும் கறுப்பு. கையில் தூக்கிப் பார்த்தால் கனமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஜல்லிக் குவியலில் கலந்து கொட்டிவிட்டால் அனுபவமுள்ள மேஸ்திரிகூட இரண்டையும் கருங்கல் என்றே சொல்வார். ஆனால் பல்லாவரத்துக் கல் கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்த சார்னோகைட். பூமியின் ஆழத்தில், நீர் மிகக் குறைந்த கடும் வெப்பச் சூழலில் உருவானது. லோனாவாலாக் கல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்தோடிய லாவா உறைந்து உண்டான பசால்ட். இந்தப் பசால்ட்டுக்கு நெருங்கிய உறவினர்கள் செவ்வாயிலும் வெள்ளியிலும் நிலாவின் கருமையான சமவெளிகளிலும் பரந்து கிடக்கின்றன. பல்லாவரத்துக் கல்லின் குடும்பமோ பூமிக்கு வெளியே மிக அரிது.

பாறைக் கோள்கள் எதனால் ஆனவை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள்: செவ்வாய் சிவப்பு, நிலா சாம்பல், வெள்ளி மஞ்சள். நிறம் இங்கு மிக மோசமான வழிகாட்டி. தனிமம், கனிமம், பாறை, அந்தப் பாறை உருவான வரலாறு என்ற வரிசையில் சென்றால்தான் விடை பிடிபடும். அந்த வரிசையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன். வேதியியல் பின்னணி எதுவும் தேவையில்லை. பத்து ரூபாய் காந்தமும் நகைக்கடையில் பயன்படும் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் சில இடங்களில் உதவும்.

முதல் படி: மேற்பரப்பு என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்தல்

ஒரு கோளின் தரையில் குறைந்தது மூன்று அடுக்குகள் உண்டு. மேலே காற்று அள்ளிக்கொண்டு போகும் அல்லது மோதல்களால் பொடிந்த தூசு. அதன் கீழே உடைந்த கற்களும் மணலும் கலந்த தளர்வான படலம். அதற்கும் கீழே தாய்ப்பாறை. நிலாவில் இந்தத் தளர்வான படலத்தின் தடிப்பு, கருமையான சமவெளிகளில் பொதுவாக 4 முதல் 5 மீட்டர் வரையும், பழைய மேட்டு நிலங்களில் 10 முதல் 15 மீட்டர் வரையும் இருக்கும். செவ்வாயில் தூசு கோள் முழுவதும் சுற்றி வருவதால், ஓரிடத்தில் அள்ளிய மெல்லிய தூசு அந்த இடத்துப் பாறையைப் பற்றி ஏறத்தாழ எதுவுமே சொல்லாது. எனவே எந்தச் செய்தியைப் படித்தாலும், பேசப்படுவது தூசா, மண்ணா, பாறையா என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியதால் வல்லுநர்களே சறுக்கியதுண்டு. செவ்வாயைப் பற்றிச் சொல்லும்போது அதைப் பார்ப்போம்.

இரண்டாம் படி: தனிமக் கணக்கைப் போடுதல்

முழுப் பூமியையும் தராசில் வைத்தால் இரும்பு சுமார் 32 சதவீதம், ஆக்சிஜன் 30 சதவீதம், சிலிக்கானும் மக்னீசியமும் ஒவ்வொன்றும் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இந்த நான்குமே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வந்துவிடும். இது தற்செயலானதல்ல. விண்மீன்களின் உள்ளே மிகுதியாக உருவாகும் தனிமங்களில், சூரியனுக்கு அருகே இருந்த வெப்பத்திலும் திடப்பொருளாக உறையக்கூடியவை இவைதாம். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் இதே பொருள்களிலிருந்து திரண்டவை. கலவை விகிதம்தான் வேறு.

ஆனால் நாம் மிதிக்கும் மேலோட்டில் கணக்கு மாறிவிடுகிறது. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன் சுமார் 46 சதவீதம், சிலிக்கான் 28, அலுமினியம் 8, இரும்பு 5 முதல் 6, கால்சியம் 4 சதவீதத்தை ஒட்டி உள்ளன. இரும்பில் பெரும்பகுதி எங்கே போயிற்று? கோள் உருகிய நிலையில் இருந்தபோது கனமான இரும்பு உள்ளே இறங்கி நடுவிலுள்ள கருவமாயிற்று. மக்னீசியம் மிகுந்த கனிமங்கள், கருவத்துக்கும் மேலோட்டுக்கும் இடையிலுள்ள கவசத்தில் தங்கின. அலுமினியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம் போன்றவை எளிதில் உருகும் பகுதியோடு சேர்ந்து மேலே வந்தன. பால் காய்ச்சி ஆறவைக்கும்போது ஏடு மேலே திரள்வதைப் போல, மேலோடு என்பது கோளிலிருந்து பிரிந்து மேலெழுந்த பகுதி. ஆகவே மேலோட்டைப் பார்த்து முழுக் கோளின் கலவையை நேரடியாகச் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் படி: ஐந்தாறு கனிமங்களை அறிமுகம் செய்துகொள்ளுதல்

பூமியில் ஆயிரக்கணக்கான கனிமங்கள் உள்ளன என்ற செய்தி பலரைத் தொடக்கத்திலேயே மிரட்டிவிடுகிறது. கோள்களின் தரையைப் பொறுத்தவரை ஐந்தாறு போதும்.

ஆலிவின் என்பது மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிக்கேட், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் அடிப்படையான கனிமம்; பச்சை நிறம், உயர் வெப்பநிலையிலேயே படிகமாகும், நீர் பட்டால் விரைவில் சிதையும். ஓரிடத்தில் ஆலிவின் மிகுதியாக எஞ்சியிருந்தால், அது உருவான பிறகு அங்கே தண்ணீர் நீண்ட காலம் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். பைராக்சின் அதற்கு அடுத்த நிலையில் உள்ள கருமையான கனிமம். ஃபெல்ட்ஸ்பார் வெளிர் நிறமுடையது. அலுமினியத்தோடு கால்சியமோ சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்தது. பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் இதுதான். கால்சியமும் சோடியமும் கலந்த வகைக்குப் பிளாஜியோகிளேஸ் என்று பெயர். குவார்ட்ஸ் என்பது தனிச் சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்தது, நம் ஆற்று மணலின் பெரும்பகுதி. இவற்றோடு இரும்பு ஆக்சைடுகளையும், தண்ணீர் பட்ட இடங்களில் உருவாகும் களிமண், சல்பேட், கார்பனேட் வகைகளையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் முடிந்தது.

இப்போது உருப்பெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாவரத்துக் கல்லின் புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், எண்ணெய் பூசியது போன்ற ஒரு மினுமினுப்பும், நீலச் சாம்பல் நிறத்தில் கண்ணாடித் துண்டு போன்ற குவார்ட்ஸ் மணிகளும் தெரியும். இடையிடையே தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். கரும்பழுப்புப் புள்ளிகள் ஒரு வகைப் பைராக்சின். கல் முழுவதும் கறுப்பாகத் தோன்றினாலும் பெரும்பகுதி வெளிர் கனிமங்களே. அவற்றின் உட்சாயல்தான் கல்லை இருட்டாக்குகிறது. லோனாவாலாக் கல்லிலோ, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மணிகள் பிரிந்து தெரிவதில்லை. லாவா விரைவாக ஆறியதால் படிகங்கள் வளர நேரம் கிடைக்கவில்லை. கனிமங்களின் வகை கல்லின் வேதியியலையும், மணிகளின் அளவு அது ஆறிய வேகத்தையும் சொல்கின்றன.

நான்காம் படி: கனிமத்திலிருந்து பாறைக்கு வருதல்

தீப்பாறைகளுக்குப் பெயரிட எளிய அளவுகோல் சிலிக்காவின் விழுக்காடு. எடையில் 45 முதல் 52 சதவீதம் வரை இருந்தால் பசால்ட். 57 முதல் 63 வரை ஆண்டிசைட். 70ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ, மேலே வழிந்து ஆறியது ரையோலைட், ஆழத்தில் மெதுவாக ஆறியது கிரானைட். இடையிலுள்ள எண்களுக்கும் பெயர்கள் உண்டு. இப்போதைக்கு இவை போதும்.

இந்த அளவுகோலின் பின்னே ஒரு காரணம் இருக்கிறது. கோளின் கவசம் பகுதியளவு உருகும்போது வெளிவரும் குழம்பு இயல்பாகவே பசால்ட்டாக இருக்கும். அதனால்தான் எந்தப் பாறைக் கோளுக்குப் போனாலும் பசால்ட்டோ அதன் நெருங்கிய உறவோ எதிர்ப்படுகிறது. பூமியின் கடலடித் தரை முழுவதும் சுமார் 7 கி.மீ. தடிப்புள்ள பசால்ட் வகை மேலோடுதான். கிரானைட் வேண்டுமானால் அந்தப் பசால்ட்டை மீண்டும் உருக்க வேண்டும், அதுவும் பெருமளவில், நீரின் துணையோடு. கடல் நீரை உறிஞ்சிய தரைத்தட்டுகள் (மெல்ல நகரும் மேலோட்டுத் துண்டுகள்) கவசத்துக்குள் புதைந்து, அந்த நீர் உருகுநிலையைக் குறைத்து, குழம்பு மீண்டும் மீண்டும் வடிகட்டப்பட்டு உருவானவையே நம் கண்டங்கள். பூமியைப் பாறைக் கோள்களின் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. உண்மையில் கல்லைப் பொறுத்தவரை விதிவிலக்கு பூமிதான் என்பது என் எண்ணம்.

சார்னோகைட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதே கல்லைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார்.

ஐந்தாம் படி: எந்தக் கருவி, எவ்வளவு ஆழம்

கோள்களிலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை தொலைவிலிருந்து எடுத்த அளவீடுகள். ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு ஆழத்தைப் பார்க்கிறது. வெவ்வேறு கேள்விக்கு விடை தருகிறது. இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போனால் பிறகு எல்லாம் குழம்பும்.

தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்ப்பது நிறமாலை முறை. ஆலிவின் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளியை விழுங்கும். பைராக்சின் 1 மைக்ரோமீட்டரிலும் 2 மைக்ரோமீட்டரிலும் இரண்டு பள்ளங்களைக் காட்டும். இது கனிமத்தையே அடையாளம் காட்டும் சிறந்த முறை. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மேலே உள்ள மிக மெல்லிய படலத்தை மட்டுமே அது பார்க்கும். ஒரு கோட் வண்ணப்பூச்சு போதும் சுவரை மறைக்க. இரண்டு, அந்தப் பள்ளங்கள் கனிமத்திலுள்ள இரும்பினால் உண்டாகின்றன. இரும்பு இல்லையெனில் கனிமம் இருந்தும் நிறமாலை வாய் திறக்காது.

எக்ஸ் கதிர் முறைகள் தனிமத்தைச் சொல்லும், கனிமத்தைச் சொல்லா. சூரியனின் எக்ஸ் கதிர்களோ, கருவியிலேயே வைத்த கதிரியக்கப் பொருளோ தரையிலுள்ள அணுக்களைத் தூண்ட, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழும். ஆழம் சில பத்து மைக்ரோமீட்டர்களே. காமாக் கதிரும் நியூட்ரானும் சில பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை பார்க்கும்; பொட்டாசியம், தோரியம், யுரேனியம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கு இவை ஏற்றவை. லேசர் கருவி பாறையின் ஒரு புள்ளியைச் சுட்டு ஆவியாக்கி, அந்தச் சிறு பொறியின் ஒளியைப் படிக்கும். எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் முறைக்குப் பாறையைப் பொடித்துக் கருவிக்குள் போட வேண்டும். கனிமங்களின் படிக அமைப்பை நேரடியாகச் சொல்வது அதுதான்.

கருவி எதைத் தொட்டது என்பதையும் கேட்க வேண்டும். 1982 மார்ச்சில் வெள்ளியில் இறங்கிய சோவியத் கலமான வெனெரா 14, தரையின் இறுக்கத்தை அளக்க ஒரு கரத்தை நீட்டியது. அந்தக் கரம் பட்ட இடத்தில், சற்றுமுன் கேமராவிலிருந்து கழன்று விழுந்த மூடி கிடந்தது. வெள்ளியின் மண்ணுக்குப் பதிலாகப் பூமியிலிருந்து கொண்டுபோன மூடியின் இறுக்கம் அளக்கப்பட்டது. நல்லவேளை, வேதியியல் ஆய்வுக்கு அதே கலம் தனியே துளையிட்டு மாதிரி எடுத்திருந்தது.

ஆறாம் படி: நிலாவில் பழகுதல்

நிலா கோளல்ல; ஆனாலும் பாறைக் கோள் ஒன்றின் பழைய மேலோடு அழியாமல் எஞ்சியிருக்கும் இடம் அது என்பதால், பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த களம் இல்லை. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கற்களும் மண்ணும், தொலைவிலிருந்து சொன்னவற்றைச் சரிபார்க்கவும் உதவுகின்றன.

வெறும் கண்ணால் பார்க்கும்போதே நிலாவில் இரண்டு வகைத் தரை தெரிகிறது. நாம் பாட்டி என்றும் முயல் என்றும் சொல்லும் கருமையான பகுதிகள் பசால்ட் சமவெளிகள். நிலாப் பரப்பில் சுமார் 17 சதவீதம். வெளிச்சமான பகுதிகள் அனார்த்தோசைட் என்னும் பாறை, ஏறத்தாழ முழுவதும் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ். ஒரே கனிமம் இத்தனை பெரிய பரப்பில் குவிந்தது எப்படி என்பதற்கு இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், இளம் நிலாவை மூடியிருந்த பாறைக்குழம்புக் கடல். அது ஆறியபோது கனமான ஆலிவினும் பைராக்சினும் மூழ்கின. இலேசான பிளாஜியோகிளேஸ் மிதந்து மேலோடாயிற்று. பசால்ட் பிற்பாடு உள்ளிருந்து கசிந்து பெரும் பள்ளங்களை நிரப்பியது.

2023 ஆகஸ்ட் 23 அன்று தென் துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான் 3இன் ஊர்தி பிரக்யான், கியூரியம் கதிரியக்க மூலம் வைத்த எக்ஸ் கதிர்க் கருவியால், 103 மீட்டர் பாதையில் 23 இடங்களில் மண்ணை அளந்தது. முடிவுகள் ஏறத்தாழ ஒரே சீராக, அனார்த்தோசைட் வகையாகவே இருந்தன. அதுவரை கையில் எடுத்த மாதிரிகள் எல்லாம் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் நடு அட்சரேகைகளிலும் கிடைத்தவை. குழம்புக் கடல் நிலா முழுவதையும் மூடியிருந்தது என்ற கருத்துக்கு, தொலைதூரத் தெற்கிலிருந்து கிடைத்த இந்தச் சான்று வலுச் சேர்த்தது. மக்னீசியம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அருகிலுள்ள மாபெரும் தென்துருவ ஐட்கென் பள்ளம் தோன்றிய மோதல், ஆழத்திலிருந்து தோண்டி வீசிய பொருளின் பங்காக அதை ஆய்வாளர்கள் கருதுகின்றனர். முதல் படியில் கேட்ட கேள்வியை இங்கே மறக்கக்கூடாது: அளக்கப்பட்டது தாய்ப்பாறை அல்ல, பல இடத்துக் கற்கள் பொடிந்து கலந்த மண்.

இதே அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களை ஒட்டி நிலத்தின் மேலேயே கிடைக்கிறது. சந்திரயான் 2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ அமைத்த செயற்கை நிலாத்தரைக்கு அந்தக் கற்களைப் பொடித்துத்தான் மண் செய்தார்கள். ஒப்புமையின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். சித்தம்பூண்டிக் கல்லில் பிளாஜியோகிளேஸோடு ஆம்பிபோல் என்ற கனிமமும் இருக்கிறது. அது தன் படிகத்துக்குள்ளேயே நீரின் கூறைப் பூட்டி வைத்திருக்கும். நிலாவின் அனார்த்தோசைட்டில் அத்தகைய கனிமத்தைப் பார்க்க முடியாது. நிலா மண்ணில் நுண்விண்கற்களின் மோதலால் உருகி ஒட்டிய கண்ணாடித் துணுக்குகளும் நிறைய உண்டு. கிரஷரில் அரைத்த பொடியில் அவை இரா.

ஏழாம் படி: செவ்வாயில் தூசைத் துடைத்துப் பார்த்தல்

தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலை ஒரு கை அள்ளி நீரில் போட்டுத் தேய்த்தால், சிவப்பு கரைந்து வெளிர் குவார்ட்ஸ் மணிகள் வெளிப்படத் தொடங்கும். சிவப்பு, மணியின் மீது படிந்த இரும்பு ஆக்சைடுப் பூச்சு மட்டுமே. செவ்வாயின் சிவப்பும் ஒரு மேற்பூச்சே. ஆனால் அதன் கீழே குவார்ட்ஸ் இல்லை, கருஞ்சாம்பல் நிறப் பசால்ட் இருக்கிறது. அந்தத் தூசின் சிவப்புக்கு ஹேமடைட் என்ற நீரற்ற இரும்பு ஆக்சைடு காரணம் என்பதே நெடுங்கால எண்ணம். 2025இல் வெளியான ஓர் ஆய்வு, நீர் கலந்த ஃபெரிஹைட்ரைட் என்ற இரும்பு ஆக்சைடே கூடுதலாகப் பொருந்துகிறது என்று வாதிட்டது. அது உறுதியானால், துருப்பிடித்தல் குளிர்ந்த ஈரமான காலத்தில் நடந்தது என்று பொருள்படும்.

பூச்சு எப்படி ஏமாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் 1997இல் பாத்ஃபைண்டர் கலத்தோடு சென்ற சிறிய ஊர்தி சோஜர்னர். அது அளந்த பாறைகளில் சிலிக்கா எதிர்பாராத அளவுக்கு உயர்ந்திருந்ததால், செவ்வாயில் ஆண்டிசைட் இருக்கிறது என்று பேசப்பட்டது. பூமியில் ஆண்டிசைட் என்றால் தரைத்தட்டுகளும் நீரும் நினைவுக்கு வரும். எனவே அது பெரிய செய்தி. ஆனால் சோஜர்னரிடம் பாறையைச் சுரண்டும் கருவி இல்லை. பாறையின் மீது படிந்த தூசும் சிதைந்த தோலும் கணக்கில் எவ்வளவு கலந்தன என்ற ஐயம் நீங்கவே இல்லை. 2004இல் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தியிடம் அரைக்கும் கருவி இருந்தது. குசெவ் பள்ளத்தில் அடிராண்டாக் என்று பெயரிட்ட ஒரு பாறையைத் துடைத்து, அரைத்து, உள்முகத்தை அளந்தபோது ஆலிவின் நிறைந்த பசால்ட் வெளிப்பட்டது. அதன் பிறகு செவ்வாய்ப் பாறை பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும், அரைத்த பிறகு எடுத்ததா என்று நான் முதலில் தேடுகிறேன்.

மேலிருந்து பார்த்ததைத் தரையில் சரிபார்க்கும் முறைக்கு ஆப்பர்சூனிட்டி ஊர்தியின் பயணமே சான்று. மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற சுற்றுக்கலம், அகச்சிவப்பு நிறமாலையில் மெரிடியானி சமவெளியில் சாம்பல் நிற ஹேமடைட்டைக் கண்டது. இந்த வகை ஹேமடைட் பெரும்பாலும் நீரோடு தொடர்புடையது என்பதால் ஊர்தியை அங்கேயே இறக்கினார்கள். இறங்கிய இடத்தில், மிளகு அளவிலான சில மில்லிமீட்டர் உருண்டைகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. இரும்புக் கனிமங்களை இனங்காணும் மாஸ்பவர் நிறமாலைமானி என்ற கருவி அவற்றில் ஹேமடைட் இருப்பதை உறுதிசெய்தது. அருகிலிருந்த பாறையில், அமில நீரில் உருவாகும் ஜாரோசைட் என்ற சல்பேட்டும் கிடைத்தது. நிலத்தடி நீர் பாறைக்குள் ஊறி அந்த உருண்டைகளை வளர்த்திருக்க வேண்டும்.

2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி, வேறொரு கோளில் முதன்முதலாக எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் ஆய்வைச் செய்தது. அது சலித்தெடுத்த மணலில் பிளாஜியோகிளேஸ், ஆலிவின், இரு வகைப் பைராக்சின்கள் இருந்தன. ஹவாயின் எரிமலை மண்ணோடு அதை ஒப்பிட்டார்கள். படிக அமைப்பே இல்லாத பொருளும் கணிசமாக இருந்தது. அதே பள்ளத்தில் பின்னர் துளையிட்ட சேற்றுப்பாறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமங்கள். இதற்கு நேர்மாறான வியப்பு 2021இல் ஜெசெரோ பள்ளத்தில் காத்திருந்தது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த அந்தப் பள்ளத்தின் அடித்தரையில் ஏரிப்படிவுகள் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, பெர்சிவியரன்ஸ் ஊர்தி பசால்ட்டையும், ஆலிவின் மணிகள் அடியில் படிந்து திரண்ட பாறையையும் கண்டது.

செவ்வாய் மண்ணில் இரும்பு ஆக்சைடு ஏறத்தாழ 18 சதவீதம். பூமியின் வழக்கமான பசால்ட்டில் அதில் பாதியளவே. கந்தகமும் குளோரினும் அங்கே மிகுதி. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் வடதுருவப் பகுதி மண்ணில் பெர்குளோரேட் உப்புகளைக் கண்டது. செவ்வாய்க் கல்லைத் தொட அங்கே போகத்தான் வேண்டும் என்பதுமில்லை: 1865இல் பீகாரின் ஷேர்காட்டியில் விழுந்த விண்கல் செவ்வாயிலிருந்து வந்த பசால்ட். அந்த வகைக் கற்களுக்கு உலகெங்கும் ஷெர்காட்டைட் என்றே பெயர். அண்டார்டிகாவில் கிடைத்த, இதே வகையைச் சேர்ந்த ஒரு கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு, வைகிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு ஒத்துப்போனதால்தான் அவற்றின் பிறப்பிடம் உறுதியாயிற்று.

எட்டாம் படி: புதனில் இரும்பைத் தேடாதிருத்தல்

புதனின் கருவம் அதன் ஆரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் வரை நீள்கிறது. கோளே ஓர் இரும்புக் குண்டு போல இருக்க, மேற்பரப்பில் இரும்பு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. தொலைநோக்கியில் நிறமாலை பார்த்தவர்களுக்கு 1 மைக்ரோமீட்டர் பள்ளம் சரிவரக் கிடைக்காததன் காரணம் இதுவே: பைராக்சினும் ஆலிவினும் இருக்கின்றன, அவற்றில் இரும்புதான் இல்லை.

விடை 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசெஞ்சர் கலத்தின் எக்ஸ் கதிர், காமாக் கதிர் அளவீடுகளிலிருந்து வந்தது. தரையில் மக்னீசியம் மிகுதி, அலுமினியமும் கால்சியமும் குறைவு. கந்தகமோ 4 சதவீதம் வரை, பூமியின் மேலோட்டை விடப் பன்மடங்கு. ஆக்சிஜன் மிகக் குறைந்த பொருள்களிலிருந்து புதன் உருவானது என்று கொண்டால் இவை எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தது போல் அமைகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத இரும்பு உலோகமாகவே கருவத்துக்குள் இறங்கிவிட, கந்தகம் சிலிக்கேட் குழம்பில் கரைந்து மேலே வந்தது. நிலாவின் குழம்புக் கடலில் பிளாஜியோகிளேஸ் மிதந்தது. இரும்பற்ற இலேசான புதன் குழம்பில் அதற்கும் மிதக்க இயலவில்லை, கிராஃபைட் மட்டுமே மிதந்திருக்க முடியும். புதனின் சில பகுதிகள் ஏன் இத்தனை கருமையாக இருக்கின்றன என்பதற்கு இன்று தரப்படும் விளக்கம், பென்சில் முனையில் இருக்கும் இதே கார்பன். நிலாவின் பழைய மேலோடு வெளுப்பு, புதனுடையது கறுப்பு; இரண்டும் மிதந்து திரண்டவையே.

ஒன்பதாம் படி: வெள்ளியின் எண்களை நாமே வாசித்தல்

இதுவரை கற்றதைப் பயன்படுத்த, வெள்ளியில் 1982 மார்ச்சில் எடுத்த இரண்டு அளவீடுகளை எடுத்துக்கொள்வோம். வெனெரா 13உம் 14உம் ஒன்றுக்கொன்று சுமார் 950 கி.மீ. தொலைவில் இறங்கின. சுமார் 460 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், பூமியைப்போல் 90 மடங்கு அழுத்தத்திலும் துளையிட்டு, மாதிரியைக் கலத்துக்குள் இழுத்து, எக்ஸ் கதிர் முறையில் அளந்தன. வெனெரா 13 அந்த வெப்பத்தில் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது.

வெனெரா 13 தந்த எண்கள்: சிலிக்கா 45, அலுமினிய ஆக்சைடு 16, மக்னீசிய ஆக்சைடு 11, இரும்பு ஆக்சைடு 9, கால்சிய ஆக்சைடு 7, பொட்டாசிய ஆக்சைடு 4 சதவீதம். வெனெரா 14இல் அதே வரிசையில்: 49, 18, 8, 9, 10, 0.2.

நான்காம் படியின் அளவுகோலை வைத்தால் இரண்டும் பசால்ட். அடுத்து, வேறுபாடுகளைப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சிலிக்கா எண்களில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 சதவீதத்துக்குக் குறையாதது. எனவே 45க்கும் 49க்கும் இடையே உள்ள வேறுபாட்டை வைத்து எதையும் கட்டக்கூடாது. பொட்டாசியம் அப்படியல்ல, 4க்கும் 0.2க்கும் இடையே இருபது மடங்கு, எந்தப் பிழை வரம்பாலும் விழுங்க முடியாத இடைவெளி. பொட்டாசியத்துக்கு ஆலிவினிலோ பைராக்சினிலோ இடமில்லாததால், கவசம் சிறிதளவு உருகினாலே அது முந்திக்கொண்டு குழம்பில் சேரும். ஆகவே வெனெரா 13 நின்ற தரை, கவசம் கொஞ்சமாக உருகி வந்த குழம்பாக இருக்கலாம். வெனெரா 14 நின்றது, நம் கடலடிப் பசால்ட்டைப்போல் தாராளமாக உருகி வந்தது. 1972இல் வெனெரா 8 காமாக் கதிரால் அளந்தபோதும் பொட்டாசியம் உயர்ந்தே இருந்தது; முற்றிலும் வேறு முறையில் கிடைத்த எண் என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல். சோடியத்தை அந்தக் கருவிகளால் அளக்க இயலவில்லை. சில அட்டவணைகளில் காணும் சோடிய எண்கள் கணக்கிட்டுச் சேர்த்தவை, அவற்றை அளவீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கலங்கள் எல்லாம் சமவெளிகளிலும் அவற்றை ஒட்டிய சரிவுகளிலும் இறங்கியவை. வெள்ளியில் டெசரா எனப்படும், நெளிந்து மடிந்த பழைய மேட்டு நிலங்களில் இதுவரை எதுவும் இறங்கவில்லை. வீனஸ் எக்ஸ்பிரஸ் கலம், மேகங்களின் ஊடே 1 மைக்ரோமீட்டரை ஒட்டிக் கசியும் தரையின் வெப்ப ஒளியை அளந்தபோது, சில மேட்டுப் பகுதிகள் பசால்ட்டுக்கு எதிர்பார்க்கும் அளவை விடக் குறைவாக ஒளிர்ந்தன. இரும்பு குறைந்த, சிலிக்கா மிகுந்த பாறை அப்படித்தான் ஒளிரும். வளிமண்டலத்தோடு வினைபுரிந்து மாறிய பசால்ட்டின் தோலும் ஒருவேளை அப்படி ஒளிரலாம். அங்கே ஒரு கலம் இறங்கித் துளையிட்டுச் சிலிக்கா 70 என்று சொன்னால், பல்லாவரத்துக் கல்லின் குடும்பம் வெள்ளியிலும் பெருமளவில் இருப்பதாகும். அதை உருவாக்கும் அளவுக்கு வெள்ளியில் ஒரு காலத்தில் நீர் இருந்ததா என்ற கேள்வியும் உடன் எழும். 48 என்று சொன்னால், அங்கேயும் லோனாவாலாக் கல்தான்.